படகு எஞ்சினைப் பனிக்கு முன் கட்டி வைப்பது: சேலத்திலிருந்து சில பதில்கள்

செப்டம்பர் கடைசி ஆனால் போதும், டொரொண்டோ, பேரி, ஒட்டாவா பக்கமிருந்து நம்ம ஊர்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரல்பதிவுகள் வர ஆரம்பித்துவிடும். பழைய படகு ஒன்றை வாங்கிக் கோடை முழுக்க ஓட்டியிருப்பார்கள். ஏரி உறையப் போகிறது, இப்போ என்னண்ணா செய்யணும் என்று கேட்பார்கள். நான் ஒன்டாரியோவில் சிம்கோ ஏரிக்கரையில் ஒரு படகுப் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சேலத்தில் கொண்டலாம்பட்டி பக்கம் டீசல் எஞ்சின் வேலை செய்கிறேன். ஆள் மாறினாலும் கேள்வி அதேதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது இன்போர்டுக்கு, அதாவது படகின் உடலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கு. பின்னால் தொங்கும் அவுட்போர்டுக்கு இதில் பாதி கூடத் தேவைப்படாது, அதை நேராக நிறுத்தினாலே தண்ணீர் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும்.

காரைப் பனியில் தெருவிலேயே நிறுத்துகிறோம், ஒன்றும் ஆவதில்லை. படகு எஞ்சினுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

காருக்குள் சுற்றுவது கூலன்ட், அதாவது லேசில் உறையாத குளிர்விக்கும் திரவம். படகு எஞ்சின்களில் பலவற்றுக்குள் சுற்றுவது ஏரித் தண்ணீரே. அடியிலிருந்து பம்ப் இழுக்கும், பிளாக்குக்குள் (எஞ்சினின் வார்ப்பு உடலுக்குள்) போகும், சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு வெளியே போகும். எஞ்சினை நிறுத்தினால் அந்தத் தண்ணீரில் நல்ல பங்கு பிளாக்கிலும், புகையை வெளியே எடுத்துப்போகும் மேனிஃபோல்டிலும் தங்கிவிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்பு அதற்கு வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். ஒரே ஒரு இரவு போதும். அந்த விரிசல் பனிக்காலம் முழுக்கத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அதை அடைத்துக்கொண்டு ஐஸ் இருக்கும். மே மாதம் படகை இறக்கும்போதுதான் ஆயிலில் தண்ணீர் ஏறி நிற்கும்.

ஆயில் மாற்றுவது, பேட்டரி கழற்றுவது, மூடி போடுவது எல்லாம் அப்புறம். அதில் ஒன்றைத் தவறவிட்டால் ஏதோ கொஞ்சம் செலவு, அவ்வளவுதான். தண்ணீரை மட்டும் தவறவிட்டால் எஞ்சினே போச்சு.

என் எஞ்சின் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சின் மேலே கார் ரேடியேட்டர் மூடி மாதிரி அழுத்த மூடி ஒன்று இருந்து, திறந்தால் (ஆறின பிறகு திறக்கவும்) பச்சை, ஆரஞ்சு என நிறமாகக் கூலன்ட் தெரிந்தால் அது மூடிய சுற்று. அதில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற உருளை இருக்கும். கூலன்ட் ஒரு பக்கமும் ஏரித் தண்ணீர் மறுபக்கமும் ஓடும், ஒன்றோடொன்று கலக்காது. யான்மார் போன்ற டீசல்களில் பெரும்பாலும் இதுதான். அப்படி மூடி எதுவும் இல்லாவிட்டால் நேரடியாக ஏரித் தண்ணீர் ஓடும் வகை. நன்னீர் ஏரிகளில் ஓடும் பழைய மெர்க்ரூசர், வோல்வோ பென்டா பெட்ரோல் வி6, வி8 எஞ்சின்கள் நிறைய இந்த ரகம்.

மூடிய சுற்று என்றால் கவலையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளாக் தப்பிக்கும், சரி. ஆனால் எக்ஸ்சேஞ்சர், ஆயில் கூலர், பம்ப், வடிகட்டிக் கிண்ணம், புகைக்குழாய் முழங்கை, மஃப்ளர் எல்லாவற்றிலும் ஏரித் தண்ணீர்தான் இருக்கிறது. அவையும் உடையும்.

எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்?

தெற்கு ஒன்டாரியோவில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் தேங்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டிப் பலரும் படகை மேலே ஏற்றிவிடுவார்கள், அது நல்ல கணக்கு. தண்ணீரில் மிதக்கும்வரை ஏரியின் சூடு எஞ்சினை ஓரளவு காப்பாற்றும். டிரெய்லரில் ஏற்றி வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கலாம் என்று இருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் இப்போது அடியிலும் குளிர்காற்று. ஏற்றின அன்றைக்கே குறைந்தபட்சம் தண்ணீரையாவது வடித்துவிடுங்கள். மற்ற வேலைகளை மெதுவாகச் செய்துகொள்ளலாம்.

நேரடித் தண்ணீர் எஞ்சினுக்கு முழு வேலையையும் வரிசையாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன், ஆனால் உங்கள் எஞ்சினின் கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வடிகால் பிளக் எத்தனை, எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும். என் வாய்ப்பேச்சை மட்டும் நம்பி ஒரு பிளக்கை விட்டுவிட்டால் கதை முடிந்தது.

முதலில் பெட்ரோல் டேங்கில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து) ஊற்றி, டேங்கை நிரப்பி, எஞ்சினைத் தண்ணீரோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். இதில் இரண்டு வேலை ஒன்றாக முடிகிறது. மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும், ஆயிலும் சூடாகும். சூடான ஆயில்தான் அழுக்கோடு சேர்ந்து முழுசாக இறங்கும். ஓடிய ஆயிலில் எரிப்பில் உண்டான அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அதை ஆறு மாதம் பேரிங்குக்குள் ஊற வைக்க வேண்டாம். ஆகவே ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டியது இப்போதுதான், வசந்தத்தில் இல்லை. புது ஆயில் ஊற்றியதும் மறுபடி ஓரிரு நிமிடம், தண்ணீர் இணைப்போடுதான், ஓட்டி நிறுத்துங்கள்.

இப்போது வடிப்பது. பிளாக்கின் இரண்டு பக்கமும் ஆயில் பானுக்குக் கொஞ்சம் மேலே ஆளுக்கொரு பிளக் இருக்கும், ஒன்று ஸ்டார்டர் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளின் அடியில் ஆளுக்கொன்று. புது மெர்க்ரூசர்களில் இவை நீலப் பிளாஸ்டிக்கில் இருக்கும், கையாலேயே கழற்றலாம். சுற்றுப்பம்புக்குப் போகும் பெரிய ஹோஸின் தாழ்வான முனையைக் கழற்றுங்கள். ஏரித் தண்ணீர் இழுக்கும் பம்பின் இரண்டு ஹோஸ்களும், பவர் ஸ்டியரிங் கூலரும், எரிபொருள் கூலர் இருந்தால் அதுவும். பனிச்சறுக்கு மாதிரி தண்ணீரில் சறுக்குகிறவர்களின் படகு என்றால் கியர்பாக்ஸ் கூலர், ஷாஃப்ட் சீலுக்குப் போகும் சின்ன ஹோஸ், கேபின் ஹீட்டரின் இரண்டு குழாய்கள், ஷவர், எடைக்காகப் படகில் தண்ணீர் ஏற்றும் பம்புகள். ஹீட்டரை வடிக்க மறந்து அது உறைந்து உடைந்த படகுகள் அங்கே சர்வசாதாரணம்.

ஒவ்வொரு பிளக்கைக் கழற்றும்போதும் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் காலி என்று அர்த்தமில்லை, ஓட்டை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஏரி மணலும் துருச் செதிலும் பிளாக்கின் அடியில் படிந்து துவாரத்தை மூடிவிடும். கெட்டியான கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்துங்கள், சட்டென்று பழுப்புத் தண்ணீர் பீறிடும். கம்பி குத்தாமல் எந்தப் பிளக்கையும் நான் நம்புவதில்லை, தண்ணீர் நன்றாக வந்தாலும் ஒருமுறை குத்திப் பார்த்துவிடுவேன். படகைக் கொஞ்சம் முன்பக்கம் உயர்த்தி நிறுத்துவதும் உதவும். எல்லாம் வடிந்த பிறகு தீப்பொறி போகாதபடி துண்டித்துவிட்டு ஓரிரு நொடி மட்டும் ஸ்டார்டரைத் தட்டினால் பம்பில் மிச்சம் இருப்பதும் வெளியே வரும்.

எஞ்சினைக் காலியாகவே விடுவதானால், கழற்றிய பிளக்குகளை ஒரு பையில் போட்டு சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். வசந்தத்தில் சாவியை எடுக்கிறவர் நீங்களாக இல்லாமல் உங்கள் மச்சானாக இருந்தாலும் பிளக் இல்லாத எஞ்சினை ஓட்டி உள்ளே தண்ணீர் நிரப்ப மாட்டார்.

வாளியில் பிங்க் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) வைத்து எஞ்சினை உறிஞ்ச விட்டால் போதும், வடிக்கவே வேண்டாம் என்கிறார்களே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பிளாக் அதிகம் உடைவதும் இந்த வழியில்தான். நேரடித் தண்ணீர் எஞ்சினில் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வு, இருக்கிறது. எஞ்சின் சூடாகாதவரை அது மூடியே இருக்கும். அப்போது நீங்கள் ஊட்டும் பிங்க் திரவம் பிளாக்கைச் சுற்றி ஒதுங்கி மேனிஃபோல்டு வழியாக நேரே புகைக்குழாய்க்குப் போய்விடும். பின்னால் பிங்க் நிறம் கொட்டுவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள், பிளாக்குக்குள் பழைய ஏரித் தண்ணீர் அப்படியே இருக்கும். சூடாக்கி தெர்மோஸ்டாட் திறந்த பிறகே ஊட்டினாலும், குளிர்ந்த ஆன்டிஃப்ரீஸ் உள்ளே போனதும் அது மறுபடி மூடிக்கொள்ளலாம்.

இன்னொன்று, உள்ளே இருக்கும் தண்ணீர் திரவத்தை நீர்க்க வைக்கும். கடையில் கேனின் மேல் மைனஸ் 50 என்று போட்டிருப்பது ஃபாரன்ஹீட், கிட்டத்தட்ட மைனஸ் 45 செல்சியஸ். அதுவும் குழாய் வெடிக்காமல் இருக்கும் அளவே தவிர உறையாமல் இருக்கும் அளவில்லை. அந்த ரகம் மைனஸ் 10, 12 செல்சியஸ் பக்கத்திலேயே கூழாக ஆரம்பிக்கும். அதோடு மூன்றில் ஒரு பங்கு ஏரித் தண்ணீர் சேர்ந்தால் கேனில் போட்ட எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

ஆகவே முதலில் வடியுங்கள், கம்பி குத்துங்கள், பிளக்கை மாட்டுங்கள், அப்புறம் தெர்மோஸ்டாட் மூடிக்குப் போகும் பெரிய ஹோஸைக் கழற்றி அதன் வழியாகவும் மேனிஃபோல்டு ஹோஸ்கள் வழியாகவும் நிரம்பும்வரை கையால் ஊற்றுங்கள். சிலர் ஊற்றாமல் காலியாகவே விடுவார்கள். அதுவும் சரிதான், காற்று உறையாது. துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றுவது கொஞ்சம் மேல், அவ்வளவே என் கருத்து.

மூடிய சுற்றுள்ள டீசலுக்கு வாளி முறை ஒத்துவரும், ஏனென்றால் ஏரித் தண்ணீர் ஓடும் பக்கத்தில் தெர்மோஸ்டாட் கிடையாது. அடிவால்வை (படகின் அடியில் ஏரித் தண்ணீர் நுழையும் வால்வு) மூடி, ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டு, பின்னால் நல்ல பிங்க் வரும்வரை ஓட்டுங்கள். அதற்கு முன் வடிகட்டிக் கிண்ணத்தையும் மஃப்ளரையும் வடித்துவிட்டால் திரவம் நீர்க்காது.

பச்சை ஆன்டிஃப்ரீஸ் வீட்டில் இருக்கிறது, அதையே ஏரித் தண்ணீர்ப் பக்கமும் ஊற்றலாமா?

கூடாது. அது எத்திலீன் கிளைக்கால், விஷம், இனிப்பாகவும் இருக்கும். நாய் நக்கினால் பிழைப்பது கடினம். வசந்தத்தில் அது நேரே ஏரிக்குள் போகும். ஏரிப் பக்கத்துக்கு பிங்க் நிற புரோப்பிலீன் கிளைக்கால்தான். மூடிய சுற்றுக்குள் எத்திலீன் இருக்கலாம். அதைப் பாதிக்குப் பாதி தண்ணீரோடு கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கலக்காமல் சுத்தமாக ஊற்றினால் இன்னும் தாங்குமே என்று நினைப்பவர்களுக்கு: சுத்த எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 பக்கத்திலேயே உறைந்துவிடும். கலக்கும் தண்ணீர் பேட்டரித் தண்ணீராக இருக்கட்டும். சேலத்துப் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிச் சுண்ணாம்பு கட்டிப்போன லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிளாக்கின் துவாரங்களை அடைக்கும் வெல்ஷ் பிளக் என்ற தகட்டு மூடி இருக்கிறதே, உறைந்தால் அது வெளியே தள்ளிக்கொண்டு பிளாக்கைக் காப்பாற்றுமாமே?

இது நம்ம ஊர் லாரிப் பட்டறைகளிலும் சொல்லும் கதை. அந்தத் துவாரங்கள் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை வெளியே எடுப்பதற்காக விடப்பட்டவை. எப்போதாவது பிளக் முதலில் பிதுங்கி பிளாக் தப்பிப்பதுண்டு. பிளக்கும் பிதுங்கி பிளாக்கும் உடைவதும் உண்டு.

வடிக்கிற வேலைக்குப் பதிலாக எஞ்சின் அறையில் ஹீட்டர் வைத்துவிடலாமா?

நவம்பர் ஆரம்பத்தில் இரண்டு மூன்று வாரம் கூடுதலாக ஓட்ட வேண்டும் என்றால் படகு எஞ்சின் அறைக்கென்றே செய்த, பொறி விடாத ஹீட்டர் வைக்கலாம். முழுப் பனிக்காலத்துக்கும் அதை நம்பக் கூடாது. 2013 டிசம்பரில் டொரொண்டோ பக்கம் உறைமழைப் புயல் அடித்து லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது, பல இடங்களில் நாட்கணக்கில் வரவில்லை. கரண்ட் போவதும் கடும் குளிரும் ஒரே ராத்திரியில்தான் வரும். வீட்டு அறைக்கான ஹீட்டரையோ குண்டு பல்பையோ பெட்ரோல் எஞ்சின் அறைக்குள் வைப்பது பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

பெட்ரோல் டேங்கை நிரப்பி வைப்பதா, காலி செய்வதா?

நிரப்புங்கள், விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு, 95 சதவீதம் போல. பாதி டேங்கில் காற்று இருந்தால் இரவும் பகலும் ஈரம் உள்ளே வியர்க்கும். அங்கே கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் அளவுக்கு எத்தனால் உண்டு. எத்தனால் அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் (கொள்ளளவில் அரை சதவீதத் தண்ணீரே போதும்) எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதான் எஞ்சின் உறிஞ்சுகிறது. பிரிந்துபோன பெட்ரோலை ஸ்டெபிலைசர் மறுபடி சேர்க்காது, ஆகவே முன்கூட்டியே ஊற்றுவதில்தான் பலன். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் இடம் தெரிந்தால் கடைசி டேங்கை அங்கே நிரப்புங்கள். நம்ம ஊரிலும் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்துவிட்டது, மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டிகளுக்கு இந்தப் பத்தி அப்படியே பொருந்தும்.

டீசல் என்றால்?

டீசலுக்கு இரண்டு எதிரி. ஒன்று, அடியில் தேங்கும் தண்ணீருக்கும் மேலே மிதக்கும் டீசலுக்கும் நடுவில் வளரும் பூஞ்சை, பாக்டீரியா. கறுப்புக் கொழகொழப்பாக வந்து ஃபில்டரை அடைக்கும். அதற்கும் டேங்கை நிரப்பி, கிருமிக்கொல்லி மருந்து ஊற்றி, தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வடித்து, ஃபில்டர்களை மாற்றி வைப்பதுதான் வழி. இன்னொன்று மெழுகு. குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களில் காஷ்மீர், இமாச்சல் லோடு எடுத்தவர்களுக்கு இது தெரியும், காலையில் டேங்குக்கு அடியில் நெருப்புக் காட்டுகிற அந்த ஆபத்தான வித்தையையும் சொல்வார்கள். அதைப் படகில் செய்யாதீர்கள், லாரியிலும் செய்யாதீர்கள். லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019இல் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டு வந்தது இந்தப் பிரச்சினைக்காகத்தான். கனடாவில் பங்க்குகளே பருவத்துக்கு ஏற்ப டீசலை மாற்றுவார்கள். ஆகஸ்டில் நிரப்பிய கோடை டீசலோடு மார்ச் குளிரில் ஸ்டார்ட் செய்ய முயன்றால்தான் சிக்கல்.

ஃபாகிங் ஆயில் (எஞ்சினை நிறுத்தி வைக்கும் முன் உள்ளே தெளிக்கும் காப்பு ஆயில்) அவசியமா?

கார்புரேட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு ஆம். ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று வாயில் தெளித்து, திக்கித் திணறி நிற்கும்வரை விடுங்கள். சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் ஒட்டிக்கொள்ளும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் விடுங்கள், அல்லது கையேட்டில் சொன்ன எரிபொருள் கலவை முறை. ஓடும் டீசலின் காற்று வாயில் எதையும் தெளிக்காதீர்கள். அது எரிபொருளாக மாறி எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கலாம்.

தண்ணீர் பம்பின் இம்பெல்லரை வருஷா வருஷம் மாற்ற வேண்டுமா?

கழற்றியாவது வையுங்கள். பம்புக்குள் இருக்கும் அந்த ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் ஒரு பக்கம் மடிந்தே இருக்கும், ஆறு மாதம் அப்படியே நின்றால் மடிந்தபடியே படிந்துவிடும். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருகத் தொடங்கும். ஒரு இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். அது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் உட்கார்ந்து, அடுத்த ஜூலையில் எஞ்சின் காரணமே தெரியாமல் சூடாகும்.

கியர் ஆயில், ஆனோடு?

ஸ்டெர்ன் டிரைவ் (படகின் பின்னால் வெளியே இருக்கும் கியர், புரொப்பெல்லர் பகுதி) இருந்தால் கியர் ஆயிலைக் கீழ்ப் பிளக் வழியாக வடியுங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீர் உறைந்தால் கியர்ப் பெட்டியே பிளக்கும், சீலை இப்போதே மாற்றுங்கள். புது ஆயிலைக் கீழிருந்து மேலே பம்ப் செய்யுங்கள், மேல் துவாரத்தில் வழிந்தால் காற்றில்லாமல் நிரம்பியது என்று பொருள். டிரைவைக் கீழே இறக்கியே வையுங்கள், தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்கும்.

ஆனோடு என்பது மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் கட்டி. கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம், இரண்டும் கலந்த இடத்துக்கு அலுமினியம். பழைய படகு வாங்குகிறவர்கள் கடலோரத்திலிருந்து வந்த துத்தநாகக் கட்டியோடே நன்னீர் ஏரியில் விட்டுவிடுவார்கள், அது மேலே ஒரு படலம் கட்டிக்கொண்டு வேலை செய்யாமல் சும்மா இருக்கும். மாக்னசைட் தோண்டும் சுண்ணாம்புக்கரடும், பாக்சைட் எடுத்த சேர்வராயன் மலையும் இருக்கிற ஜில்லாக்காரனுக்கு மக்னீசியமும் அலுமினியமும் நினைவில் நிற்காமல் போகுமா?

பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா?

முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் முழுசாகச் சார்ஜ் செய்து (12.6 வோல்ட்டுக்கு மேல்) இரண்டு முனையையும் கழற்றி விடுங்கள். முழு சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி ஒன்டாரியோ குளிருக்கு உறையாது. சுத்தமாக இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 10க்கு முன்னாலேயே உறைந்து பெட்டி பிளக்கும். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் சும்மா இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் பலருக்கு இறங்குகிறது.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தானது எது?

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டுவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அடுத்தது பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கி நிற்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் புளோயரை (ஆவியை வெளியே தள்ளும் விசிறி) நான்கு நிமிடமாவது ஓட்டுங்கள், மூடியைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். காருக்கான ஸ்டார்டரையோ ஆல்டர்னேட்டரையோ விலை குறைவு என்று படகில் மாட்டாதீர்கள், படகுக்கானவை பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை.

மேலே ஏற்றிய படகின் அடிப் பிளக், அடிவால்வு எல்லாம் மூடியிருக்க வேண்டுமா, திறந்தா?

திறந்து. பனி உருகி உள்ளே வரும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் ஏப்ரலில் எஞ்சின் முழங்கால் தண்ணீரில் நிற்கும். உருண்டை வால்வை மூடி வைத்தால் உருண்டைக்குள் மாட்டிய தண்ணீர் உறைந்து வால்வு உடையும். தண்ணீரிலேயே விடும் படகுக்கு மட்டும் மூடல்.

வசந்தத்தில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

ஆயில் குச்சியை. அளவு ஏறியிருந்தாலோ நிறம் வெளுத்திருந்தாலோ சாவியைத் தொடாதீர்கள். பிளக்குகள், ஹோஸ் கிளாம்ப்புகள், இம்பெல்லர் எல்லாம் மாட்டியாயிற்றா என்று பாருங்கள். மஃப்ளர் வழியாகத் தண்ணீர் வெளியேற்றும் பாய்மரப் படகுகளில் எஞ்சின் பிடிக்காமல் ரொம்ப நேரம் ஸ்டார்டர் அடித்துக்கொண்டே இருந்தால், பம்ப் இழுக்கும் தண்ணீரை வெளியே தள்ளப் புகை இல்லாததால் மஃப்ளர் நிரம்பி, சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். ஆகவே இரண்டு மூன்று முயற்சியில் பிடிக்காவிட்டால் அடிவால்வை மூடிக்கொண்டு முயலுங்கள், பிடித்த உடனே திறந்துவிடுங்கள்.

பிளாக் விரிசல் விட்டே விட்டது. வெல்டு வைக்கலாமா?

வெளிச்சுவர் விரிசலுக்கு, ஆணி ஆணியாகத் தையல் போடும் முறையில் சரிசெய்ய முடியும். வார்ப்பிரும்பு வெல்டிங்கில் முன்சூடும் மெல்ல ஆறவைப்பதும் சரியாக இல்லாவிட்டால் பக்கத்திலேயே புது விரிசல் வரும். உள்சுவர் விரிசலுக்கு அழுத்தச் சோதனை செய்தால்தான் உண்மை தெரியும். சேலத்தில் இந்த வேலைக்குக் கை தேர்ந்தவர்கள் உண்டு, கூலியும் கட்டுப்படியாகும். ஒன்டாரியோ கூலிக்கு வேறு பிளாக் தேடுவதே பெரும்பாலும் மலிவு.

ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கிறோம் அண்ணா. குளிர் ஊர்தானே, இதெல்லாம் எங்களுக்கும் வேண்டுமா?

ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் உறைநிலைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. ஐஸ் பயம் வேண்டாம். ஆனால் எஞ்சினை நீண்ட நாள் நிறுத்தும் கணக்கு உங்களுக்கும் இருக்கிறது. காபி அறுவடை நவம்பரில் ஆரம்பித்துப் பிப்ரவரியோடு முடிகிறது, அப்புறம் பல்பர் (காபிப் பழத்தோல் உரிக்கும் இயந்திரம்) ஓட்டும் டீசல் எஞ்சின் எட்டு மாதம் மூடுபனிக்குள் சும்மா நிற்கிறது. இங்கே எதிரி துரு. ஹாப்பரில் (எஞ்சினின் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டி) தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த நவம்பரில் திறந்தால் செங்கல் நிறத்தில் சேறு இருக்கும்.

கடைசி ஓட்டத்தில் சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள். ஹாப்பரை வடியுங்கள், வடிகாலில் கம்பி குத்துவது இங்கேயும் உண்டு, போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் கட்டாயம். டீசல் டேங்கை நிரப்புங்கள். எஞ்சின் நின்ற பிறகு காற்று வாயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் லீவர்) தூக்கிக்கொண்டு கையால் சில சுற்று சுற்றுங்கள். கடைசியில் லீவரை விட்டுவிட்டு, அழுத்தம் பிடிக்கிற இடத்தில் நிறுத்தினால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், மூடுபனி உள்ளே போகாது. பெல்ட்டைக் கழற்றி விடுங்கள். புகைக்குழாய் வாயை ஒரு தகர டப்பாவால் மூடி, டப்பா மூடியிருக்கிறது என்று எழுதி ஸ்டார்ட்டிங் கைப்பிடியில் தொங்க விடுங்கள். குளவி கூடு கட்டுவதற்கு அந்தக் குழாயைவிடப் பிடித்த இடம் கிடையாது. ஜெனரேட்டர் என்றால் ஒயர்களை எலி கடிக்காமல் பார்க்க வேண்டும், அதற்கு என்னிடம் மருந்தில்லை, பூனை வளர்க்கலாம்.

கட்டி வைத்த படகை ஜனவரியில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தால் நல்லதா?

வேண்டாம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் போகும், தண்ணீர் கொடுத்தால் வடித்த வேலை மறுபடி முதலிலிருந்து. ஐந்து நிமிடம் ஓட்டினால் எஞ்சின் முழுச் சூடு ஏறாது, எரிப்பில் வரும் ஈரம் ஆயிலில் தங்கும், சிலிண்டரில் போட்ட ஃபாகிங் ஆயிலும் எரிந்து போகும். ஆசை தாங்காவிட்டால் பேட்டரி கழற்றியிருக்கும் நிலையில் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் சுழலும் திசையில் கால் சுற்று திருப்பிவிட்டு மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள்.